தூங்கினால் கெட்டுப்போகும் டெஸ்ட்: மூளையின் தாமத அலைகளைப் பதிவு செய்து பழகியதில்

காது கேட்கிறதா என்று குழந்தையைத் தூங்க வைத்துப் பார்க்கும் பெரா (BERA) டெஸ்ட் என்றால் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு இப்போது நன்றாகவே தெரியும். முந்தின ராத்திரி குழந்தையைச் சரியாகத் தூங்கவிடக் கூடாது, வந்ததும் பால் கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும், தூங்காவிட்டால் சிரப் கொடுப்பார்கள். இதெல்லாம் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பரவிவிட்டது. அதனால், குழந்தை விழித்திருக்கும்போது சத்தத்துக்கு மூளை எழுப்பும் அலைகளை எடுக்கும் தாமத அலை டெஸ்டுக்கு வரச் சொன்னாலும் அதே மாதிரி தயாராகி வந்துவிடுகிறார்கள். கண் சிவந்து, தோளில் துவண்டு, எதைக் காட்டினாலும் அழுகிற ஒரு குழந்தை உள்ளே வரும். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிக்க வச்சோம் மேடம்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அன்றைக்கு வேலை நடக்காது. பாவம், பஸ் ஏறி வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் மனசு வராது. குழந்தையை நன்றாகத் தூங்கவிட்டு மதியத்துக்கு மேல் பார்ப்பதுதான் வழி.

இப்போதெல்லாம் போனில் தேதி கொடுக்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுகிறோம். குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து வர வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும். அன்றைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது.

ஆடியாலஜி (கேட்பியல்) படிப்பை முடித்துவிட்டு வேலைக்குச் சேரும் பிள்ளைகள், பிள்ளையின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் பெற்றோர், இரண்டு பேரையும் மனசில் வைத்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் அப்படி இப்படிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் காதில் விழுந்த பிறகு முதல் 10 மில்லிசெகண்டுக்குள் கேட்பு நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் குட்டி அலைகளைத்தான் பெரா பிடிக்கிறது. அதற்கப்புறம் சமிக்ஞை மேலே ஏறி மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே எழும்பும் மெதுவான, அகலமான அலைகள்தான் தாமத அலைகள். விழித்திருக்கும் பெரியவரிடம் 50 மில்லிசெகண்ட் அளவில் ஒரு சின்ன நேர்மின் மேடு, 100 அளவில் ஒரு எதிர்மின் பள்ளம், 180 முதல் 200 அளவில் ஒரு நேர்மின் மேடு. பி1, என்1, பி2 என்று பெயர். பெராவின் ஐந்தாவது அலை ஒரு மைக்ரோவோல்ட்கூட வராது. என்1 உச்சத்திலிருந்து பி2 உச்சம் வரை அளந்தால் சாதாரணமாகவே 5 முதல் 10 மைக்ரோவோல்ட் இருக்கும்.

அலை பெரியதாக இருந்ததால்தான் இது முதலில் கண்ணில் பட்டது. 1939-ல் பாலின் டேவிஸ், விழித்திருப்பவர்களின் மூளை அலைப் பதிவில், சத்தம் கொடுத்ததும் உச்சந்தலையில் ஒரு அசைவு வருவதைக் காகிதத்தில் வெறும் கண்ணால் பார்த்து எழுதினார். சராசரி எடுக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் அப்போது ஏது? 1960-களில் கேட்கும் திறனை அளக்க இந்த அலைகளைப் பல இடங்களில் பயன்படுத்தினார்கள். 1971-ல் ஜூவெட்டும் வில்லிஸ்டனும் மூளைத்தண்டு அலைகளைத் தெளிவாக விவரித்த பிறகு நிலைமை மாறியது. அது தூக்கத்திலும் வரும், மயக்க மருந்திலும் வரும், கைக்குழந்தைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தாமத அலை பின்னுக்குப் போய்விட்டது. உட்காதில் பொருத்தி நரம்புக்கு நேராக மின்துடிப்பு அனுப்பும் காக்ளியர் இம்ப்ளான்டும், சின்ன வயசிலேயே காது மிஷின் போடுவதும் பெருகிய பிறகுதான் மறுபடி இதற்குத் தேவை வந்தது. மிஷின் போட்டிருக்கும் குழந்தைக்குப் பேச்சு மூளை வரை போகிறதா என்ற கேள்விக்கு, பெராவின் கிளிக் சத்தம் பதில் சொல்லாது.

சரி, எடுப்பது எப்படி?

முதல் சண்டை தலைமுடியோடு. முக்கிய எலக்ட்ரோடு உச்சந்தலையில் உட்கார வேண்டும். நம் ஊரில் உச்சந்தலை என்றால் தேங்காய் எண்ணெய். பெண் குழந்தை என்றால் அதற்கு மேல் இறுகப் பின்னிய ஜடை, சில நாள் பூவும் சேர்ந்து. எண்ணெயின் மேல் பேஸ்டை அப்பினால் ஒட்டின மாதிரிதான் இருக்கும், மின்தடை மட்டும் இறங்காது. வகிட்டைப் பிரித்து, ஸ்பிரிட் பஞ்சால் எண்ணெயை எடுத்து, சொரசொரப்பான ஜெல்லை முடிமேல் தடவாமல் தோலில் படும்படி பஞ்சுக்குச்சியால் நாலைந்து முறை தேய்த்து, அதன்பிறகு பேஸ்ட் வைத்த கப்பை அமுக்கி, மேலே சின்னத் துண்டு பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கும். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வர வேண்டும். அதைவிட முக்கியம், எல்லா எலக்ட்ரோடும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது. ஒன்று 2, இன்னொன்று 9 என்று இருந்தால் கரண்ட் இரைச்சல் நேராக உள்ளே வந்துவிடும்.

நெற்றியில் இன்னொரு எலக்ட்ரோடு. அங்கே ஸ்டிக்கர் பொட்டோ, விபூதியோ, குங்குமமோ இருக்கும். சொல்லாமல் துடைத்துவிடாதீர்கள். பெரியவர்களிடம் "அம்மா, பொட்டைக் கொஞ்சம் எடுத்துக்கலாமா? முடிஞ்சதும் வச்சுக்கலாம்" என்று கேட்டால் ஒருவரும் மறுப்பதில்லை. கேட்காமல் கை வைத்தால் அந்த முகம் அதன்பிறகு இளகாது, கழுத்தும் தாடையும் இறுகி அந்தத் தசை இரைச்சல் முழுக்கப் பதிவில் தெரியும்.

கண்ணுக்கு மேலும் கீழும் ஒரு ஜோடி எலக்ட்ரோடு வைப்பதைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். நான் விடச் சொல்ல மாட்டேன். ஒரு கண்சிமிட்டல் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும், நாம் தேடுவதோ ஐந்தோ ஆறோ. ஒரே சத்தத்தைப் பல தடவை கொடுத்து, ஒவ்வொரு தடவையும் பதிவாகும் துண்டுகளைச் சராசரி எடுத்துத்தான் அலையைப் பிடிக்கிறோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிமிட்டினால் மிஷினே அந்தத் துண்டுகளைத் தள்ளிவிடும். சத்தம் வரும்போதெல்லாம் சிமிட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் ஆபத்து. அந்தச் சிமிட்டல் சத்தத்தோடு பூட்டிக்கொண்டு வருவதால் சராசரியில் கரையாது. அழகான ஒரு பி2 மாதிரி மேலே எழுந்து நிற்கும். கண் சேனலின் சராசரியையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அதே கண்சிமிட்டல் இன்னொரு உதவியும் செய்யும். சில மிஷினில் எதிர்மின் மேலே வரைவார்கள், சிலதில் கீழே. மிஷின் மாறினால், அல்லது யாராவது ஒயரை மாற்றிக் குத்தியிருந்தால், என்1 மேடா பள்ளமா என்ற சந்தேகம் வரும். பதிவைத் தொடங்கும் முன் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். தலையின் முன்பக்கத்திலும் உச்சியிலும் அது நேர்மின்னாகத்தான் வரும். திரையில் எந்தப் பக்கம் பாய்கிறதோ அந்தப் பக்கம் நேர்மின். இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியாது.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட். செகண்டுக்குச் சரியாக ஒரு சத்தம் என்று வைத்தால் ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையில் 50 முழுச் சுழற்சி முடிந்திருக்கும். அப்போது இரைச்சல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தொடங்கி, சராசரியில் கரையாமல் கூடிக்கொண்டே போகும். அதையே 1,110 மில்லிசெகண்ட் ஆக்கினால் ஐம்பத்தைந்தரைச் சுழற்சி, அடுத்தடுத்த துண்டுகளில் இரைச்சல் தலைகீழாக வந்து தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். மின்வாரியத்தின் அலைவெண் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி உட்கார முடியாது, இடைவெளியைக் கொஞ்சம் முன்பின்னாக மாறவிடுவது இன்னும் நல்லது. 30 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் வடிகட்டியும் பெரும்பகுதியை எடுத்துவிடும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எர்த்திங். மழைக்காலத்தில் கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடத் தொடங்கினால், எவ்வளவு நல்ல எலக்ட்ரோடு போட்டிருந்தாலும் அந்தப் பதிவை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஏசி இல்லாமல் எடுப்பதும் வீண். உச்சந்தலையில் வேர்த்தால் கோடு மெதுவாக மேலும் கீழும் நீந்த ஆரம்பித்துவிடும்.

சத்தத்தின் இடைவெளியில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பெராவில் செகண்டுக்கு இருபது, முப்பது கிளிக் கொடுத்துப் பழகிய கை, இங்கேயும் சீக்கிரம் முடிக்கப் பார்க்கும். புறணி அப்படி ஓடாது. இடைவெளி குறையக் குறைய என்1 சுருங்கும். நீட்ட நீட்ட, கிட்டத்தட்ட 10 செகண்ட் வரைகூட வளர்ந்துகொண்டே போகும். அவ்வளவு நேரம் யார் உட்காருவார்கள்? 1 முதல் 2 செகண்ட் என்பது ஒரு சமரசம். குழந்தைகளிடம் வேகமாகக் கொடுத்தால் பி1 மட்டும்தான் தெரியும், என்1 எட்டிப் பார்க்கவே பார்க்காது. "இந்த வயசில் என்1 இல்லையே" என்று பயப்படுவதற்கு முன் இடைவெளியைப் பாருங்கள்.

எத்தனை தடவை கொடுப்பது? இரைச்சல் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான். மூளையின் பின்னணி அலை 20 மைக்ரோவோல்ட் என்றால், 100 துண்டுகளின் சராசரியில் அது 2 ஆகும். அதை 1 ஆக்க 400 வேண்டும். அதற்குள் ஆள் தூங்கிவிடுவார், குழந்தை எழுந்து ஓடிவிடும். அதனால் 50, 60 துண்டு கொண்ட சிறிய பதிவு ஒன்று, கொஞ்சம் ஓய்வு, மறுபடி அதே மாதிரி ஒன்று, என்று எடுப்பதே என் பழக்கம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம்.

பெரியவர்களுக்குச் சத்தத்தை அணைத்துவிட்டுச் சப்டைட்டிலோடு படம் போட்டுவிடுவேன். கண்ணை மூடவிடக் கூடாது. கண்ணை மூடிச் சாய்ந்தால், ஓய்வில் மூளை தானாக எழுப்பும் ஆல்ஃபா அலை பெருகிவிடும். செகண்டுக்குப் பத்து தடவை, அதாவது ஒரு அலைக்கு 100 மில்லிசெகண்ட், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு 50. நாம் தேடும் பி1-க்கும் என்1-க்கும் இடையிலான தூரமும் ஏறக்குறைய அதே அளவு! சராசரியில் மிச்சமிருக்கும் ஆல்ஃபா, பாடப்புத்தகத்தில் வரைந்த மாதிரியே பி1, என்1 வேஷம் போடும். இன்னும் ஆழமாகத் தூங்கினால் என்1 சுருங்கி, பின்னால் வரும் அலைகள் பெருத்து, வேறு ஆளின் பதிவு போல ஆகிவிடும்.

குழந்தைகளுக்குக் கார்ட்டூன், சோப்புக் குமிழி, சத்தம் வராத பொம்மை. பிஸ்கட் வேண்டாம், மென்றால் தாடைத் தசை பேசும். கவனத்தைத் திருப்ப ஒருவர் எதிரே உட்கார வேண்டும். அவர் வாயைத் திறக்கவே கூடாது, இதுதான் நம் ஆட்களுக்கு ரொம்பக் கஷ்டம். மடியில் வைத்திருக்கும் பாட்டி, ஸ்பீக்கரில் சத்தம் வரும்போதெல்லாம் "கேக்குதாடா கண்ணு?" என்று குனிந்து கேட்பார். ஆசைதான், என்ன செய்ய? அதற்காகவே முன்கூட்டி சொல்லிவிடுவேன்: "பாட்டி, இப்ப நாம யாரும் பேசாம இருந்தாத்தான் பிள்ளையோட மூளை பேசுறது நமக்குத் தெரியும்."

படிப்பதில் எனக்கு ஒரு கட்டாய வரிசை உண்டு, யார் அவசரப்படுத்தினாலும் மாற்ற மாட்டேன். முதலில் பூஜ்யத்துக்கு முந்தைய பகுதியைப் பார்ப்பேன். சத்தம் வருவதற்கு முன்னால் 200 மில்லிசெகண்டாவது பதிவில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் இருக்கும் அலையும், சத்தத்துக்குப் பின் வரும் அலையும் ஒரே உயரத்தில் இருந்தால் அங்கே பதில் எதுவும் இல்லை. அது ஆல்ஃபாவோ, வெறும் இரைச்சலோ. இரண்டாவது, இரண்டு பதிவும் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறதா. மூன்றாவது, கண் சேனல். நான்காவது, சந்தேகம் இருந்தால் காதுக்குப் போகும் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒரு பதிவு. சத்தமே போகாதபோதும் அதே அலை வந்தால் அது மூளையின் வேலையில்லை. இந்தக் கடைசிப் பதிவுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனாலும் இதைச் செய்கிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எத்தனையாவது மில்லிசெகண்ட், எத்தனை மைக்ரோவோல்ட் என்ற பேச்சு. சில மிஷின்கள் புள்ளியியல் சோதனை போட்டு, "அலை உண்டு" என்று தானே சொல்லும். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தில் உருவான ஹியர்லேப் அப்படிப்பட்டது. உதவிதான். ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து, சாதகமாக வந்த நொடியில் நிறுத்தினால், அது நம் ஆசையைத்தான் காட்டும். எத்தனை துண்டு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதுவரை போக வேண்டும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு வயசு தாண்டியவன், பிறந்தபோது கடுமையான மஞ்சள் காமாலை, ரத்தம் மாற்றியிருக்கிறார்கள். பெரா எடுத்தபோது இரண்டு காதிலும் நேர்கோடு. "சுத்தமாகக் கேட்காது" என்று வெளியில் எங்கோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாட்டிதான் விடவில்லை.

"குக்கர் விசில் அடிச்சா திரும்புறான் மேடம். பெரால ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. எதை நம்புறது?"

"ரெண்டையும் நம்பலாம்மா" என்றேன்.

காதுக்குள் இருக்கும் வெளிமயிர்ச் செல்கள் எழுப்பும் எதிரொலி அவனிடம் சரியாக வந்தது. பெரா மட்டும் இல்லை. கேட்பு நரம்பு ஒழுங்கான தாளத்தில் சமிக்ஞை அனுப்பாத கோளாறு இது, ஆடிட்டரி நியூரோபதி என்பார்கள். கும்மியில் எல்லோரும் ஒரே நொடியில் தட்டினால்தான் "பளார்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஆளாளுக்கு இம்மி முன்பின் தட்டினால் அந்தப் பளார் போய்விடும், தட்டுவது மட்டும் நிற்காது. பெரா அந்தப் பளாரை எதிர்பார்க்கிற டெஸ்ட். ஒரு மில்லிசெகண்ட் பிசகினாலும் அதன் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். தாமத அலைகளோ பல பத்து மில்லிசெகண்ட் அகலம். நாலைந்து மில்லிசெகண்ட் முன்பின் ஆனாலும் தாங்கும்.

அவனுக்கு ஸ்பீக்கரில் "ம", "க", "ட" மாதிரியான குட்டி ஒலிகள். ஒன்று தாழ்ந்த அலைவெண், ஒன்று நடு, ஒன்று மேல். முதல் இரண்டுக்கும் பி1 தெளிவாக வந்தது, இரண்டு பதிவிலும். மூன்றாவதற்குச் சந்தேகம். அதாவது சத்தம் புறணி வரை போகிறது. பாட்டி பார்த்தது உண்மை.

அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குத் தீபாவளி. ஆனால் அந்த அலை சொன்னது அவ்வளவுதான்: போய்ச் சேர்கிறது. போய்ச் சேர்ந்தது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. இந்தக் கோளாறு இருக்கும் குழந்தைகளில் தாமத அலை வருகிறவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாய்ப்புதான், உறுதி இல்லை. மிஷின் போட்டு, ஸ்பீச் தெரபி போய், சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் வார்த்தை வரவில்லை. கடைசியில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவை சிகிச்சை வருவதால் செலவு அவர்களை நிறுத்தவில்லை. "அன்னைக்கு அலை வருதுன்னீங்களே?" என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. வந்ததுதான். அந்த அலை, பெராவில் நேர்கோடு என்பதற்காகக் காது செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம் என்று சொன்னது. பேச்சு வளருமா என்பதற்கு அவனுடைய பேச்சேதான் சாட்சி. அதைப் பொறுத்திருந்து பார்த்தோம், வராதபோது அடுத்த வழிக்குப் போனோம்.

இம்ப்ளான்ட் வைத்த பிறகும் தாமத அலை உதவும், ஆனால் பதிவு ஒரு பெரிய தலைவலி. இம்ப்ளான்டின் மின்துடிப்பே எலக்ட்ரோடில் ஏறி, சத்தம் இருக்கும் நேரம் முழுக்க ஒரு பெரிய மேடையாக நிற்கும். சத்தத்தைக் குட்டையாக வைத்து, எலக்ட்ரோடை எதிர்க்காதுப் பக்கம் மாற்றினால் மேடை முடிந்த பிறகு பி1 தலைகாட்டும். அனு ஷர்மா என்ற ஆய்வாளரின் குழு இந்த பி1-ஐ வைத்துத்தான் முக்கியமான ஒன்றைக் காட்டியது. பிறந்த குழந்தையிடம் 300 மில்லிசெகண்டை ஒட்டி வரும் பி1, கேட்டுக் கேட்டு வளர வளர முன்னால் நகர்ந்து, பெரியவர்களில் 60-க்கு வந்து நிற்கும். பிறவியிலேயே கேளாத குழந்தைகளில், மூன்றரை வயசுக்குள் இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு இது சீக்கிரமே வயசுக்கு ஏற்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. ஏழு வயசுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்கிற பெற்றோரிடம் நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வது இதைத்தான்.

காது மிஷினோடு எடுக்கும்போது ஒரு சின்ன விஷயம்: எடுப்பதற்கு முன் மிஷினை நீங்களே குழாய் வைத்துக் கேளுங்கள். பேட்டரி தீர்ந்திருக்கும், மோல்டில் அழுக்கு அடைத்திருக்கும், இரைச்சலை அடக்கும் வசதி நம் ஒலியையும் சேர்த்து அடக்கிக்கொண்டிருக்கும். மிஷினின் குறையைப் பிள்ளையின் மூளை மேல் எழுதிவிடக் கூடாது.

பெரியவர்களிடம் கதையே வேறு. ஊனச் சான்றிதழுக்காக வருபவர்களில் சிலருக்கு, சத்தம் கேட்டதும் சைகை காட்டச் சொல்லி எடுக்கும் கேட்பு வரைபடமும் நடவடிக்கையும் ஒத்துப்போகாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு அலைவெண்களில் இரண்டு காதிலும் 60 டெசிபல் கேட்பிழப்பு என்பது ஒரு வாசல், 70 என்பது அடுத்தது. வாசல் இருந்தால் தள்ளிப் பார்ப்பவர்களும் இருப்பார்கள். ஒத்துழைக்கும் பெரியவரிடம் என்1-பி2 கிடைக்கும் கடைசி அளவு, அவர் நிஜமாகக் கேட்கும் கடைசி அளவுக்குப் பெரும்பாலும் 10 டெசிபலுக்குள் இருக்கும். அதுவும் அலைவெண் வாரியாக. இதற்குத் தாமத அலைதான் எனக்குப் பிடித்த டெஸ்ட்.

ஆனால் வரைபடம் ஒத்துப்போகாதவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. காலேஜில் படிக்கும் ஒரு பெண், திடீரென்று இரண்டு காதும் கேட்கவில்லை என்று அம்மாவோடு வந்தாள். வரைபடத்தில் 80 டெசிபல். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு, குனிந்து எழுதியபடியே சாதாரணக் குரலில் கேட்டதற்கு அவளிடமிருந்து பதில் வந்தது. 1,000 ஹெர்ட்ஸில் 60 மில்லிசெகண்ட் நீளமுள்ள ஒலி கொடுத்து எடுத்தேன். 70-ல் பெரிய அலை. 50-ல் கொஞ்சம் சின்னது. 30-ல் என்1 பின்னால் தள்ளிப்போய், உயரம் குறைந்து, ஆனால் இரண்டு பதிவிலும் அதே இடத்தில். அளவு குறையக் குறைய அலை சிறுத்துத் தாமதமாவதுதான் நிஜமான பதிலின் லட்சணம். இரைச்சலுக்கு அந்த ஒழுங்கு வராது. குழாயை மடக்கி எடுத்தேன், நேர்கோடு.

அம்மா "நடிக்கிறாளா?" என்று கேட்டார், அவள் எதிரிலேயே. "இல்லம்மா. காது நல்லா இருக்கு, மூளைக்குச் சத்தம் போகுது. அவளுக்குக் கேக்கலைங்கிறதும் நிஜமா இருக்கலாம்" என்றேன். அப்புறம் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினேன். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம். மனநல ஆலோசகரிடம் போனாள், சில வாரத்தில் வரைபடம் சரியாகிவிட்டது. "கேட்பது நன்றாக இருக்கிறது, சீக்கிரம் திரும்பி வரும்" என்று அவளிடம் நம்பிக்கையாகச் சொல்ல முடிந்ததற்கு அந்த 30 டெசிபல் அலைதான் காரணம்.

பி300 என்ற இன்னொரு மூளை அலை பற்றியும் கேட்பார்கள். 1965-ல் சாமுவேல் சட்டனும் கூட இருந்தவர்களும் எழுதியது. ஒரே மாதிரி ஒலிகளுக்கு நடுவில் எப்போதாவது வரும் வேறு ஒலியை எண்ணச் சொன்னால், அந்த ஒலிக்கு மட்டும் 300 மில்லிசெகண்டை ஒட்டி ஒரு பெரிய மேடு வரும். ஆராய்ச்சிக்கு அருமையானது. ஆனால் ஒரே ஆளின் ஒரு பதிவை வைத்து "ஞாபகசக்தி குறைவு" என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. வயசுக்கேற்ப அது தள்ளிப்போகும், சலிப்பில் சுருங்கும், எண்ண மறந்தால் காணாமல் போகும். 1978-ல் பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் குழு காட்டிய வேறுபாட்டு அலையும் அப்படி நடுவில் மாறி வரும் ஒலிக்குத்தான் எழும்; ஆனால் அதற்கு எண்ணச் சொல்ல வேண்டியதில்லை, படம் பார்த்துக்கொண்டிருந்தாலே வரும். ஆனால் குழுவின் சராசரியில் அழகாகத் தெரிவது, தனி ஆளிடம் பல சமயம் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. இரண்டையும் நான் மருத்துவ முடிவுக்கு வைத்துக்கொள்வதில்லை.

கடைசியாக ரிப்போர்ட். நன்றாகக் கேட்கும் குழந்தையிடமே சில நாள் அலை வராது. அதனால் "கேட்கவில்லை" என்று எழுத இந்த டெஸ்டுக்கு அதிகாரம் இல்லை. "இந்த ஒலிக்கு, இந்த அளவில், இந்த மிஷின் அமைப்பில், குழந்தை விழித்து அமைதியாக இருந்த நிலையில், இத்தனை துண்டுகளின் சராசரியில் அலை காணப்படவில்லை" என்று எழுதலாம். குழந்தை பாதியில் அழுதது என்றால் அதையும், தள்ளப்பட்ட துண்டுகள் எத்தனை என்பதையும் எழுத வேண்டும். பெற்றோரும் இதைக் கேட்டு வாங்கலாம்: பிள்ளை முழித்திருந்ததா, எத்தனை தடவை எடுத்தீர்கள், இரண்டும் ஒத்துப்போனதா, காது மிஷின் போட்டா போடாமலா. இந்த நாலும் இல்லாத ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்த இன்னொரு நாளுக்கு ஒரு தேதி கொடுத்து, புதிதாக எடுத்துவிடுகிறேன்.